சிவப்புக் கோடு போட்ட வரிகள்

கலியன் நட்சத்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தங்க நிறத்தில், பின்பக்கம் பசை தடவிய நட்சத்திரம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டில் மிஸ் ஒட்டித் தருவாரே, அதே ரகம். அதை ஆட்காட்டி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு, ஷிஃப்ட் சூப்பர்வைசர் சந்திரமோகன் நாலாம் நம்பர் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கலியனுக்கு ஐம்பத்து மூன்று வயது. பேரன் எடுத்தவர்.

"இன்னாத்துக்கு சார் இது?"

"டெய்லி ஈஸ்வரி வர்ற வரைக்கும் கால் மணி நேரம் நின்னு மெஷினைப் பாத்துக்குறீங்க இல்ல கலியண்ணே, அதுக்கு."

"அதுக்கு இன்னா இப்போ?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று சந்திரமோகன் அப்போது படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் போட்டிருக்கவில்லை. அவர் போர்டில் 'மெஷின் 4 - கலியன்' என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரத்தை ஒட்டிவிட்டு, மனசு நிறைந்து போய்விட்டார். அந்த நிமிடத்தில் யாராவது அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். யாரும் இழுக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள அந்தக் கம்பெனியில் கார் கதவுக்கு பிளாஸ்டிக் கைப்பிடி செய்கிறார்கள். பன்னிரண்டு மோல்டிங் மெஷின்கள். காலை ஆறு முதல் இரண்டு வரை ஒரு ஷிஃப்ட், இரண்டு முதல் பத்து வரை இன்னொன்று, பிறகு ராத்திரி ஷிஃப்ட். மெஷின் நிற்கக் கூடாது. நின்றால் உள்ளே உருகிக் கிடக்கும் பிளாஸ்டிக் கருகிவிடும். பிறகு ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குக் கைப்பிடி எல்லாம் அம்மை போட்ட முகம் மாதிரி கரும்புள்ளியோடு வரும். அப்படி வரும் ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு, சிவப்புக் கூடையில் எறிய வேண்டும். சிவப்புப் பட்டது மறுபடி லைனுக்குள் வரக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிற யாருக்கும் சந்திரமோகன் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான். பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாலாம் நம்பர் மெஷினில் முதல் ஷிஃப்ட் கலியன், இரண்டாவது ஷிஃப்ட் ஈஸ்வரி. ஈஸ்வரி ஆரம்பாக்கத்திலிருந்து வருகிறாள். அவளுக்குத் தோதான ரயில் கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்து, ஷேர் ஆட்டோ நிரம்பி, அவள் கேட்டுக்குள் நுழையும்போது இரண்டே காலாகிவிடும். அதற்கு முந்தைய ரயில் பதினோரு மணிக்கே போய்விடும். ஆறு வருடமாக அந்தக் கால் மணி நேரம் கலியன் நின்றார். யாரும் அவரை நிற்கச் சொன்னதில்லை. ஈஸ்வரி தாங்க்ஸ் சொன்னதில்லை. வந்ததும் டிபன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மெஷின் பக்கத்து மேஜைமேல் வைப்பாள். அவித்த வேர்க்கடலை இருக்கும், இல்லாத நாளில் சுண்டல். கலியன் அதை எடுத்துக்கொண்டு, "வரேம்மா" என்று நடையைக் கட்டுவார். அவ்வளவுதான் விஷயம். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அந்த மெஷின் கருகியது கிடையாது.

இதில் சரிசெய்ய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சந்திரமோகன் கேட்கவில்லை. ஏனென்றால் அவர் புத்தகம் படிக்க ஆரம்பித்திருந்தார்.

திருவள்ளூர் மணவாள நகரில் அவர் வீட்டுத் தெருமுனையில் ஒரு பழைய பேப்பர் கடை உண்டு. பேப்பர் போடப் போன இடத்தில், தராசுப் பக்கத்தில் அந்தப் புத்தகம் கிடந்தது. அட்டை போயிருந்தது, முதல் நாலைந்து பக்கமும் போயிருந்தது, அதனால் பெயரும் தெரியாது, எழுதியவர் யார் என்றும் தெரியாது. அறுநூறு பக்கம். அறிவியல், வணிகம், சமூகம் என்று மூன்று பாகம். மனுஷ மனசு எப்படி வேலை செய்கிறது, கம்பெனிகள் எப்படி வளர்கின்றன, ஜனங்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் பாடம் இருந்தது. அதைவிடப் பெரிய விசேஷம், யாரோ சிவப்புப் பென்சிலால் முக்கியமான வரிகளுக்குக் கீழே கோடு போட்டு வைத்திருந்தார்கள். கோணல்மாணல் கோடு இல்லை, விளிம்பு வைத்து இழுத்தது மாதிரி நேர்க்கோடு.

"அறுநூறு பக்கத்தையும் நாம படிக்க வேணாம் செல்வி. படிச்சு, சாறு புழிஞ்சு வெச்சிருக்கார் ஒரு புண்ணியவான்" என்றார் மனைவி தமிழ்செல்வியிடம். கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றே முக்கால் மணி, வர ஒன்றே முக்கால் மணி. சிவப்புக் கோடுகளை மட்டும் படித்தால் ஒரே வாரத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

தமிழ்செல்வி புரட்டிப் பார்த்தாள். "யாரு போட்ட கோடுங்க இது?"

"யாராச்சும் பெரிய மேனேஜரா இருப்பாரு."

"பெரிய மேனேஜரு புக்கு ஏன் எடைக்கு வருது?"

பொம்பளைங்களுக்கு எதிலும் சந்தேகம் என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வெளியே சொல்லவில்லை, அந்த அளவுக்கு அவருக்கு விவரம் இருந்தது. போன வருடத்து மாதக் காலண்டர் தாளைக் கிழித்து நன்றாக அட்டை போட்டுக்கொண்டார். பஸ்ஸில் இருப்பவர்கள் பார்த்தால் அது ஏதோ பஞ்சாங்கம் என்று நினைப்பார்கள்.

வணிகப் பாகத்தில் முதல் சிவப்புக் கோடு இப்படி இருந்தது: 'பாராட்டப்படாத நற்செயல் காலப்போக்கில் நின்றுபோகும். கண்டவுடன் பரிசளியுங்கள்.' படித்ததும் சந்திரமோகனுக்குக் கலியன் ஞாபகம் வந்துவிட்டது. பாவம், ஆறு வருடமாக ஒரு மனுஷனை யாருமே பாராட்டவில்லையே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது.

அடுத்த ஷிஃப்ட் ஆள் தாமதமாக வரும்போது, நின்று மெஷினைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு நட்சத்திரம். இருபது நட்சத்திரத்துக்கு ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர். இதுதான் திட்டம்.

முதல் வாரத்தில் கலியனுக்கு மட்டும் ஆறு நட்சத்திரம். இரண்டாவது வாரத்தில் ஒரு அதிசயம் நடந்தது. அதுவரை கடிகாரம் மாதிரி வந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் தாமதமாக வர ஆரம்பித்தார்கள். ஏழாம் நம்பர் மெஷின் யேசுதாஸ், கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, இரண்டு மணி பத்து நிமிடம் வரை டீயை ஊதி ஊதிக் குடித்தான். உள்ளே முதல் ஷிஃப்ட் பார்த்திபன் அவனுக்காக நின்று நட்சத்திரம் வாங்கினான். டிபன் கேரியர் வந்தால் பார்த்திபனுக்கு, அடுத்த பரிசாக சார் அறிவிக்கப்போகும் ஃப்ளாஸ்க் யேசுதாஸுக்கு என்று அவர்களுக்குள் பேச்சு. சனிக்கிழமை பார்க்கும்போது பன்னிரண்டு மெஷினில் ஒன்பது மெஷினுக்கு ஆள் தாமதம். நட்சத்திரம் தீர்ந்துபோய், சந்திரமோகன் திருவள்ளூர் பஜாரில் ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போய் நாலு அட்டை கேட்டார்.

"எந்த ஸ்கூல் சார் நீங்க?" என்றான் கடைக்காரன்.

இந்தச் சந்தடியில் ஒரு விஷயத்தை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அது சிவப்புக் கோட்டில் வராத விஷயம். ஈஸ்வரி ஒரு நாள் போர்டு முன்னால் நின்று, கலியன் பெயருக்கு நேரே வரிசையாக மின்னிய நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்தாள். ஒவ்வொரு நட்சத்திரமும் அவள் தாமதமாக வந்த ஒரு நாள்.

"அண்ணனுக்குத்தான் கம்பெனியே குடுக்குதே" என்று பக்கத்து மெஷின் மெர்சியிடம் சொன்னாளாம். கோபமாகச் சொல்லவில்லை. மறுநாள் மேஜைமேல் பொட்டலம் இல்லை.

கலியன் மேஜையை ஒரு தரம் பார்த்தார். கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பொருள் இல்லையே அது. "வரேம்மா" என்றும் சொல்லாமல் போனார்.

திங்கட்கிழமை சந்திரமோகன் புத்தகத்தின் அறிவியல் பாகத்துக்குப் போனார். அங்கே பெரிய சிவப்புக் கோடு: 'அளக்கப்படாத எதையும் திருத்த முடியாது. அளவை எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள்.' இதைத்தான் முதலில் படித்திருக்க வேண்டும் என்று தொடையில் தட்டிக்கொண்டார். போர்டிலிருந்து நட்சத்திரத்தை எல்லாம் சுரண்டி எடுத்தார். பசை போகவில்லை. அதன் மேலேயே கட்டம் கட்டி, யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று தினமும் எழுத ஆரம்பித்தார். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் சிவப்பு மார்க்கர்.

இரண்டே நாளில் யேசுதாஸ் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தான். எட்டு மெஷினும் பழைய வழிக்கு வந்தன. சந்திரமோகனுக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகம் படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் இதுதான் வித்தியாசம் என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது தமிழ்செல்விக்கு ஒரு சின்னப் பிரசங்கமே நடத்தினார். அவள் ரசம் ஊற்றினாள்.

போர்டில் ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பாகவே இருந்தது. மெஷின் நாலு, ஈஸ்வரி: பதினைந்து, பதினாலு, பதினாறு, பதினைந்து. அது வழக்கமானதுதானே என்று அவர் சட்டை செய்யவில்லை. வழக்கமானது என்பது அவருக்குத் தெரியும். போர்டுக்குத் தெரியாதே.

மாசக் கடைசியில் சென்னை ஆபீஸிலிருந்து ஹெச்.ஆர். ஹெலன் வந்தார். போர்டைப் பார்த்து, ரொம்ப நல்லா இருக்கு சார் என்று பாராட்டி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். எடுத்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஈஸ்வரின்னு யாரு? கூட்டிப் பாத்தா மாசத்துக்கு ஆறு மணி நேரம் லேட் வருதே."

"அது மேடம், ரொம்ப நாளா அப்படித்தான். இங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிறது."

"எழுதாம இருந்திருந்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது சார். எழுதிட்டீங்க. இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி நான் தெரியாத மாதிரி இருக்க முடியாது."

அவருக்கு ஒரு வேலை, அதைச் செய்தார். ஹெலனைக் குறை சொல்லவும் முடியாது.

சந்திரமோகனுக்கு அப்போதுதான் ஈஸ்வரியை நினைத்துப் பயம் வந்தது. பஸ்ஸில் ஏறியதும் புத்தகத்தைப் பிரித்து மூன்றாவது பாகத்தில், பரீட்சைக்கு முந்தைய நாள் படிக்கிறவன் மாதிரித் தேடினார். அப்போது ஒரு பக்கத்தில், அதுவரை பார்க்காத ஒன்று கண்ணில் பட்டது. அந்த ஒரு வரிக்கு மட்டும் நீலக் கோடு. 'ஓர் ஏற்பாடு தானாக நடந்துகொண்டிருந்தால், அது எதனால் நடக்கிறது என்று தெரியும்வரை அதில் கை வைக்காதீர்கள்.' இதற்கு மட்டும் ஏன் நீலம் என்று புருவத்தைச் சுருக்கினார். சிவப்புப் பென்சில் தீர்ந்திருக்கும், அவசரத்துக்குக் கையில் கிடைத்ததால் போட்டிருப்பார் என்று முடிவுகட்டி, பக்கத்தைத் திருப்பினார்.

அடுத்த பக்கத்திலேயே நல்ல சிவப்பில் ஒன்று கிடைத்தது: 'ஒருவருக்குச் சலுகை, மற்றவருக்குக் கசப்பு. விதி எல்லோருக்கும் ஒன்றே என்றால் புகார் எழாது.'

மறுநாள் போர்டைக் கழற்றிவிட்டார். அளவே இல்லை என்றால் ஈஸ்வரி பெயரும் வெளியே தெரியாதே. அதற்குப் பதிலாக மணி. இரண்டு மணிக்கு மணி அடிக்கும். முதல் ஷிஃப்ட் முழுக்கக் கிளம்பிவிட வேண்டும், இரண்டாவது ஷிஃப்ட் முழுக்க நின்றாக வேண்டும். ஒரே விதி, யாருக்கும் தனிச் சலுகை கிடையாது.

மணி அடித்தது. கலியன் மெஷினை நிறுத்தினார், கையைத் துணியில் துடைத்தார், கிளம்பினார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக நாலாம் நம்பர் மெஷின் ஆள் இல்லாமல் நின்றது.

சந்திரமோகனே ஓடிப் போய் நின்றார். மெஷின் ஓட்டி எத்தனை வருடம் ஆயிற்று! மெஷின் கதவைத் திறப்பதற்குள் அடுத்த கைப்பிடி வந்துவிட்டது, அதை எடுப்பதற்குள் விரல் சுட்டுவிட்டது, ஊதிக்கொண்டு நிமிர்வதற்குள் மெஷின் மூச்சை நிறுத்திக்கொண்டு கூவ ஆரம்பித்தது. இரண்டே காலுக்கு ஈஸ்வரி வந்தபோது சார் வியர்த்து விறுவிறுத்து, கரும்புள்ளி விழுந்த கைப்பிடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். அவரே ஓட்டியதை அவரே ஒவ்வொன்றாக எடுத்துச் சிவப்புக் கோடு போட்டு, சிவப்புக் கூடையில் போட்டார். மெர்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

பத்து நாள் இந்தக் கூத்து நடந்தது. தினமும் அறுபது எழுபது கைப்பிடி கூடைக்குப் போயிற்று. விரல் இரண்டில் பிளாஸ்திரி. பத்தாவது நாள் சந்திரமோகன் புத்தகத்தைத் திறக்காமல், வெறும் மனுஷனாகக் கலியனிடம் போய் நின்றார்.

"கலியண்ணே, மணியை நான் கண்டுக்க மாட்டேன். பழையபடி ஒரு கால் மணி நேரம் நின்னு குடுங்க."

கலியன் தலையைக் குனிந்துகொண்டார். மறுத்துப் பேசிப் பழக்கம் இல்லாத மனுஷன்.

"கோச்சுக்காதீங்க சார். அப்போ நானா நின்னேன். அப்பறம் நீங்க நட்சத்திரம் ஒட்டுனீங்கோ, நான் அதுக்குத்தான் நிக்கிறேன்னு ஆயிப்போச்சு. அந்தப் பொண்ணு இன்னா நெனைச்சுதோ, பொட்டலத்த நிறுத்திடுச்சு. அப்பறம் மணி அடிச்சுப் போன்னீங்கோ, போனேன். இப்போ நில்லுன்னு சொல்றீங்கோ. நீங்க சொன்னா நிப்பேன் சார். ஆனா அது வேற, இது வேற."

சந்திரமோகனுக்கு அந்த 'வேற' நெஞ்சில் குத்தியது. எது வேறு என்று அவருக்கு நன்றாகப் புரிந்தது. அந்தப் புரிதல் ஒரு மாசம் முன்னால் வந்திருக்க வேண்டும்.

அதே நாள் மத்தியானம் சென்னையிலிருந்து ஈஸ்வரிக்குக் கடிதம் வந்தது. இரண்டு மணிக்கு வர முடியாவிட்டால், சனிக்கிழமையோடு முடிகிற அவள் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது. அவளை இரண்டேகாலுக்கு வரவிட்டு, கால் மணி பிந்தி அனுப்பலாமா என்று சந்திரமோகன் போன் செய்து கேட்டார். ராத்திரி வீட்டுக்கு விடும் கம்பெனி பஸ் பத்து மணி பத்து நிமிடத்துக்குக் கிளம்பிவிடும், அது முடியாது என்றார்கள். ஒருத்தருக்காக விதியை மாற்றினால் மற்றவர்கள் கேட்பார்கள் என்றும் சொன்னார்கள். அந்த வரி அவருக்கு மனப்பாடமாகவே தெரியும்.

கடைசி முயற்சியாக ஈஸ்வரியைக் கூப்பிட்டு, பதினோரு மணி ரயிலில் வந்து கேன்டீனில் உட்கார்ந்திருக்கலாமே என்றார்.

"எங்க நைனாக்குப் பன்னெண்டரைக்குச் சோறு ஊட்டணும் சார். கை ரெண்டும் வராது. ஊட்டிட்டு, மாத்திரை குடுத்துட்டு, தொடச்சி படுக்க வெச்சுட்டுத்தான் நான் கெளம்ப முடியும்."

"இத நீ என்கிட்ட சொன்னதே இல்லியேம்மா."

"நீங்க கேட்டதில்லியே சார்." டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "கலியண்ணனும் கேட்டதில்ல. ஆனா அவருக்கு எப்டியோ தெரியும்."

ஊருக்குப் பக்கத்தில் செங்கல் சூளையில் சொல்லி வைத்திருப்பதாகவும், நடந்தே போய் வந்துவிடலாம் என்றும் சொன்னாள். ஆறு வருடம் மெஷின் ஓட்டிய கை கல் சுமக்கப் போகிறது. சந்திரமோகனுக்கு மன்னிப்பு கேட்க வேண்டும் போல இருந்தது, ஆனால் எதற்கென்று சொல்லிக் கேட்பது? நட்சத்திரம் ஒட்டினேன், மன்னித்துவிடு என்றா?

சனிக்கிழமை அவளுடைய கடைசி நாள். இரண்டு மணிக்கு மணி அடித்தது. பதினோரு மெஷினிலும் ஆள் மாறியது. சந்திரமோகன் பிளாஸ்திரி விரலோடு நாலாம் நம்பர் மெஷினை நோக்கி ஓடியவர், பாதியிலேயே நின்றுவிட்டார்.

கலியன் போகவில்லை. மணி அடித்ததே காதில் விழாதது போல் கைப்பிடிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டே காலுக்கு ஈஸ்வரி வந்தாள். கலியனைப் பார்த்தாள். பையில் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவள் அதைக் கொண்டுவந்திருந்தாள் என்பதைப் பார்த்ததும் சந்திரமோகன் சட்டென்று தூணுக்குப் பின்னால் போய்விட்டார். கண் கலங்குவதைத் தொழிலாளிகள் பார்க்கக் கூடாது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, அவராகவே செய்தார்.

"வரேம்மா" என்றார் கலியன். அன்றைக்கு நாலாம் நம்பர் மெஷினிலிருந்து ஒரு கைப்பிடிகூட சிவப்புக் கூடைக்குப் போகவில்லை.

இரண்டரை மணி பஸ்ஸுக்காகச் சந்திரமோகன் கேட்டுக்கு வந்தார். செக்யூரிட்டி தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்து, நாளைய வண்டி ரெஜிஸ்டருக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில். அளவுகோல் கிடையாது, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் விளிம்பை வைத்தே இழுப்பார். அறுபது தாண்டியவர், திருவள்ளூருக்குப் பக்கத்துத் திருப்பாச்சூர்க்காரர். அம்பத்தூர்ப் பக்கம் அவர் வேலை பார்த்த கம்பெனி மூடிப்போய், இங்கே வந்து சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அங்கே என்னவாக இருந்தார் என்று யாரும் கேட்டதில்லை. செக்யூரிட்டியிடம் அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

யாரிடமாவது சொன்னால் தேவலை போல இருந்தது. சந்திரமோகன் அந்தச் சிமென்ட் படியிலேயே உட்கார்ந்து நட்சத்திரம், போர்டு, மணி, கடிதம் என்று எல்லாவற்றையும் கொட்டினார். தணிகாசலம் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் ஒரு தினுசாக மாறியது, ஏற்கெனவே பார்த்த நாடகத்தை மறுபடி பார்க்கிறவர் மாதிரி.

"நல்லது பண்றேன்னு நெனச்சுதான் ஐயா பண்ணேன். எல்லாம் இந்தப் புக்குல இருந்தது. ஒண்ணு விடாம, கோடு போட்ட வரி அத்தனையும் அப்படியே செஞ்சேன்." பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். "என் கண்ணுல படாம எடைக்குப் போட்டுடுங்க."

தணிகாசலம் காலண்டர் அட்டையைக் கழற்றினார். முதல் பக்கங்கள் இல்லாத புத்தகத்தை நாலு பக்கம் புரட்டினார். பிறகு மெதுவாக மூடி, மடிமேல் வைத்துக்கொண்டு, கையிலிருந்த பென்சிலைப் பார்த்தார்.

"இத்த நான்தான் சார் எடைக்குப் போட்டேன். சூப்பர்வைசரா இருந்தப்போ நான் செஞ்சு பாத்து, கம்பெனியே ஊத்திக்கின ரிஜெக்ட்டு எல்லாத்துக்கும் சிவப்புல கோடு போட்டேன். செய்ய வேண்டியதுன்னு நீலத்துல ஒண்ணே ஒண்ணு போட்டிருந்தேனே, அத்த படிக்கலியா நீங்கோ?"